நான் தேர்ந்தெடுத்த தோட்டா

"எனக்குத் தெரியாது" என்று சொல்வது எந்த மொழியிலும் கஷ்டம். மனைவி பக்கத்தில் இருக்கும்போது இன்னும் கஷ்டம். அந்த மனைவி துவக்குச் சுடுவதில் கெட்டிக்காரியாகவும் இருந்துவிட்டால், அந்த வாக்கியம் தொண்டைக்குழியைத் தாண்டவே தாண்டாது.

ஊரில் போர் முடிந்த வருடம் அது. நாங்கள் டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில், ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்தோம். எனக்கு ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ரதிக்கு முதியோர் இல்லத்தில். அவளோடு வேலை செய்த லோனே என்ற டேனிஷ்காரி ஒரு நாள் அவளைத் துவக்குச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனாள். (இங்கே அது நம்மூர் வாசிகசாலை மாதிரி. சின்ன ஊருக்கும் ஒன்று இருக்கும்; கோப்பிக்குக் குறைவிருக்காது.)

ரதியோ புதுவருட வாணவெடிக்கே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவை உரக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவள். அவள் எப்படித் துவக்கைத் தோளில் வைத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

"அங்கை வெடிச்சத்தம் எப்ப வரும், எங்கையிருந்து வருமெண்டு தெரியாது. இது நான் வா எண்டாத்தான் வருது," என்றாள். சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் சுட்டுக் கொண்டுவரும் கடதாசி அட்டைகளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டத் தொடங்கினேன். அட்டையின் நடுவில் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கும். அவள் சுட்டதெல்லாம் அதற்குள்ளால்தான் போயிருக்கும்.

லோனேயின் தகப்பன் செத்தபோது அவளுக்கு ஒரு சின்ன ரைஃபிள் வந்து சேர்ந்தது. மிகப் பழையது. ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால், கையால் திறந்து அடுத்ததைப் போடவேண்டும். அதற்குரிய தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லை. குழலும் உள்ளே தேய்ந்து போயிருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் கழகத்தில் பழைய துவக்குகளுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். அப்பாவின் துவக்கு இன்னொரு தடவை வெடிக்க வேண்டும், அதை ரதிதான் சுட வேண்டும் என்று லோனேக்கு ஆசை.

அதற்கு, இன்றைக்குக் கிடைக்கும் ஏதாவது ஒரு தோட்டாவுக்கு ஏற்றபடி துவக்கை மாற்ற வேண்டும். பிழையானதைத் தேர்ந்தால் துவக்கே வெடித்துச் சிதறிவிடும். துவக்கு போனால் போகட்டும். அதில் கன்னத்தை வைத்திருக்கப்போவது என் மனைவி அல்லவா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லோனேயோடு நாங்கள் நகரத்துக்கு வெளியே துவக்குத் திருத்துகிற ஸ்வென்னின் பட்டறைக்குப் போனோம். நான் வெறும் சாரதி. அதோடு நின்றிருக்கலாம்.

ஸ்வென் மேற்குப் பக்கத்து ஆள். அந்தப் பக்கத்தவர்கள் சொற்களை மிகச் சிக்கனமாகச் செலவழிப்பார்கள். அவர்களுடைய ஆகப்பெரிய பாராட்டே "அவ்வளவு மோசமில்லை" என்பதுதான். அவர் மேசையில் ஒரு துணியை விரித்து, விதம்விதமான தோட்டாக்களை நிறுத்தி வைத்தார். பக்கத்திலேயே கோப்பியும் கேக்கும் வைத்தார். பிறகு பெண்கள் இருவரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ போர் நடந்த நாட்டிலிருந்து வந்தவன். நீ என்ன நினைக்கிறாய்?"

அதில் கிண்டல் இல்லை. அந்த மாதங்களில் எங்கள் நாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். என்னிடம் மரியாதையாக எதையாவது கேட்கவேண்டும் என்று நினைத்திருப்பார்.

உண்மை என்னவென்றால், சாவகச்சேரியில் நான் துவக்கைப் பார்த்ததெல்லாம் அதன் வாய்ப் பக்கத்திலிருந்துதான். என்னுடைய அனுபவம் முழுவதும் ஓடுவதில். அதைச் சொல்லியிருக்கலாம். நானோ கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மேசையை ஒரு தளபதியைப் போலப் பார்வையிட்டேன்.

கேக் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்று தனியாக நின்றது. மற்றவற்றைவிட நீளம், பருமன், பளபளப்பு. உள்ளங்கையில் வைத்து எடைபார்த்தேன்.

"இதுதான்," என்றேன். "எங்கள் பக்கத்தில் இதைத்தான் நம்புவார்கள். பாரத்தைப் பாருங்கள். காற்றடித்தாலும் விலகாது." (வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் காற்றைப் பற்றி எனக்குத் தோன்றியிருக்காது.)

மேசைக்குக் கீழே ரதியின் கால் என் காலை மிதித்தது. "இஞ்சேருங்கோ, அதை வையுங்கோ."

"கொஞ்சம் பொறும், கதைச்சுக்கொண்டிருக்கிறன்."

அதோடு விட்டேனா? ரைஃபிளின் பின்வாயில் அதை வைத்து அழுத்திப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. "இந்த இடத்தைக் கொஞ்சம் கடைந்தால் சரி," என்று துவக்குத் திருத்துகிறவருக்கே சொல்லிக்கொடுத்தேன்.

ஸ்வென் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். பிறகு கையை நீட்டி என் தோட்டாவை வாங்கினார். பைப்பை எடுத்து வாயில் வைத்தார். தோட்டாவின் தலையைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தைப் பெருவிரலால் சுழற்றினார். குப்பென்று தீ வந்தது. பைப்பைப் பற்றவைத்துக்கொண்டார்.

"நல்ல சாமான்," என்றார் புகைக்குள்ளிருந்து. "ஜெர்மன்காரர்கள் விட்டுவிட்டுப் போன வெற்றுத் தோட்டாவில், உலகப்போர் முடிந்ததும் என் அப்பா செய்தது. ஆனால் ரைஃபிளுக்கு ஒத்துவராது."

லோனேக்குக் கேக் புரையேறியது. நான் ஜன்னலைப் பார்த்தேன். (நல்ல ஜன்னல். எங்கள் தொழிற்சாலையில் செய்ததாகவும் இருக்கலாம்.)

ரதி சிரிக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதுபோல உடனே கேட்டாள்: "இந்தத் துவக்கை எவ்வளவு பலத்தைத் தாங்கச் செய்தார்கள்?"

பழைய இரும்பு, மெதுவான தோட்டாவுக்குச் செய்தது என்றார் ஸ்வென். நீளமானவற்றைத் தானே ஒதுக்கினார். பிறகு கட்டையான ஒன்றை முன்னால் நகர்த்தினார். அதன் விசை குறைவு. அதுதான் தனக்குப் பிடித்தது என்றார். ஆனால் தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி, பழைய தோட்டாவுக்கு விளிம்பில் அடிக்கும், இதற்கு நடுவில் அடிக்க வேண்டும்; அந்தப் பகுதியைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

ரதி மறுப்பாகத் தலையை ஆட்டினாள். துணியின் ஓரத்தில் நின்ற ஆகச் சின்னதைத் தொட்டாள். கழகத்தில் எல்லோரும் சுடுகிற சாதாரணத் தோட்டா.

"இதற்கும் விளிம்பில்தானே அடிக்கும்? தேய்ந்த குழலுக்குள் இதன் அளவுக்கு ஒரு புதுக் குழாயை இறக்கலாம். மற்றதெல்லாம் லோனேயின் அப்பா விட்டபடியே இருக்கட்டும்."

ஸ்வென்னின் பைப் அணைந்தே போயிற்று. துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ்வளவு மோசமில்லை," என்றார்.

அவமானத்தை மறந்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'என்ர மனுசியாக்கும்' என்று அந்த மேற்குக் காற்றுக்கும் கேட்கக் கத்தவேண்டும்போல இருந்தது.

வேலை முடிந்ததும் முதல் வெடியை ஸ்வென் துவக்கை மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி, தூர நின்று கயிற்றால் இழுத்து வெடிக்கவைத்தார். பிறகுதான் ரதி அதில் கன்னத்தை வைத்தாள். நான் கண்ணையும் காதையும் பொத்திக்கொண்டேன். (எனக்கு இருப்பது இரண்டு கைகள்தான். எப்படிப் பொத்தினேன் என்று கேட்காதீர்கள்.) போட்டியில் ரதிக்கு இரண்டாம் இடம். லோனே அந்த அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே ஸ்வென் என் கையில் ஒரு சின்னப் பெட்டியைத் தந்தார். உள்ளே அந்த லைட்டர். "நிபுணருக்கு," என்றார்.

அன்று தொட்டு எங்கள் வீட்டில் மெழுகுதிரி கொளுத்தும் நேரமெல்லாம் மகள் துளசி டேனிஷில் கூப்பிடுவாள்: "அப்பா, தோட்டா!" லோனேயும் வந்திருந்தால் இரட்டைக் குரலில் கேட்கும்.

போன வருடம் துளசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டேனிஷ்காரப் பையன். குத்துவிளக்கு ஏற்ற வேண்டிய நேரத்தில் ஐயரின் நெருப்புப்பெட்டியைக் காணவில்லை. நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள இஷொயிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் முன்வரிசையில். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, பாடமாக்கி வைத்திருந்த தமிழில் சபை முழுக்கக் கேட்கக் கேட்டான்:

"மாமா, தோட்டா கொண்டுவந்தனீங்களோ?"

நான் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டேன். ஐயர் மணவறையை விட்டு இறங்கிவிட்டார்.