கடகத்துக்குத் தடை

விருதுநகரில் ஓர் அரசு அலுவலகம் உண்டு. எந்தத் துறை என்று சொல்வது நாகரிகமல்ல. வாசகர்கள் தத்தமக்கு வேண்டிய துறையின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், கதைக்கு ஒன்றும் கெட்டுவிடாது. அதில் தனுஷ்கோடி என்பவர் இளநிலை உதவியாளராகப் பணியாற்றிவந்தார். வீடு திருத்தங்கலில். காலையில் பஸ், மாலையில் பஸ், இடையில் ஃபைல். தம் மேஜைக்கு வரும் ஃபைலில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். மேலே போனது திரும்பக் கீழே வருமா என்பது ஆண்டவனுக்கும் அதிகாரிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

2005-ஆம் வருஷத் தொடக்கத்தில், ‘வேலையோடு வேலையாக வீட்டிலும் ஒரு தொழில்’ என்ற தலைப்பில் பொதுமக்களுக்கு அரசு ஒரு பயிற்சி முகாம் நடத்தியது. அந்த நாளில் இது ஒரு காய்ச்சல். கோட்டு மாட்டிய தம்பிமார்கள் ஊர் ஊராகப் போய் மைக்கைப் பிடித்து, முன்னேறச் சொல்லிக் கை தட்ட வைத்துக்கொண்டிருந்தார்கள். விருதுநகர் முகாமுக்குப் பொதுமக்கள் வரவில்லை. அவர்களுக்கு வேலையும் தொழிலும் இருந்தன. நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் அரசுக்கு இழுக்கு என்று அலுவலர்களையே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். முன்னனுமதி இல்லாமல் தொழில் செய்தால் வேலை போய்விடும் என்ற விதிக்கு உட்பட்ட அத்தனை பேருக்கும் தொழில் செய்வது எப்படி என்று ஒரு பகல் முழுக்கப் பாடம் நடந்தது. மற்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்ததால் தூங்கிப்போனார்கள். தனுஷ்கோடிக்கு மேலே மின்விசிறி இல்லை. ஆகையால் முழுவதையும் கேட்டுவிட்டார்.

“மனசு வரட்டும்னு காத்திருக்காதீங்க. வந்தாலும் செய்ங்க, வராட்டியும் செய்ங்க. ஒரு நாள் விட்டா எல்லாம் விட்டுப்போச்சு. தொடர்ச்சிதான் முக்கியம்!” என்றான் கோட்டுத் தம்பி. தனுஷ்கோடிக்குப் புல்லரித்தது. அத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

தொழிலும் தேடி வந்தது. தெருக்கோடியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் வெள்ளைத்துரை அண்ணாச்சி தினசரி காலண்டர் போடுகிறவர். தினம் ஒரு தாள் கிழிக்கிறோமே, அந்தத் தாளில் நாளும் நட்சத்திரமும் பஞ்சாங்கத்திலிருந்து வந்துவிடும். கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தை இருக்கும் அல்லவா, அதை எழுதிவந்த ஜோசியர் முனியசாமி அந்த வருஷம் கூலியைக் கூட்டிக் கேட்டுவிட்டார்.

“பன்னெண்டே வார்த்தைதான் தனுஷ்கோடி. மேஷம் நன்மை, ரிஷபம் செலவு, அம்புட்டுத்தான். நீரு கவர்மெண்டு ஆளு. வெவரமா ஒண்ணுமே சொல்லாம எழுதுறது உமக்குக் கைவந்த கலையாச்சே” என்றார் அண்ணாச்சி.

வீட்டில் குருவம்மாள் நம்பவில்லை. “ஒத்த வார்த்தைக்குக் காசு தர்றாகளா? உங்க ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லுறதுக்கு ஜனங்களை மாசக்கணக்கா நடக்க விடுறீக!”

தினமும் மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கைகால் கழுவி, மறுவருஷத்தின் ஒரு நாளை எழுதுவது என்று தனுஷ்கோடி விரதம் எடுத்துக்கொண்டார். முதல் நாள் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கிரகம் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பிடிபடாத சங்கதி. ஆனால் எழுதாமல் விட்டால் எல்லாம் விட்டுப்போகும். ஆகவே அன்றன்று ஆபீசில் நடந்ததை எழுதினார். அதிகாரி ரத்தினசாமிக்குக் கடக ராசி. இது காவலாளி வரை தெரிந்த அரசு ரகசியம். அவர் கத்திய அன்றைக்குக் கடகத்துக்குத் தடை. ஃபைலைத் தூக்கி எறிந்த அன்றைக்குக் கடகத்துக்கு விரயம். டீக்காசைத் தலையில் கட்டிய சக ஊழியரின் ராசிக்கு ஏமாற்றம். அதிகாரி திருச்செந்தூர் போன அன்றைக்கு மட்டும் பெருந்தன்மையாகக் கடகத்துக்குப் பயணம் என்று போட்டார். குருவம்மாள் மீன ராசி. எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். ஆகையால் மீனத்துக்கு வருஷம் முழுக்க வரவு, மகிழ்ச்சி, வெற்றி.

காய்ச்சலில் எழுதினார். மாமனார் செத்த அன்றைக்கும் எழுதினார். ரத்தினசாமியும் வைவதில் ஒரு நாள் விட்டவரல்லர். இருவருடைய தொடர்ச்சியும் சேர்ந்து ஒரு வருஷத்துக் காலண்டர் ஆயிற்று.

2006 பிறந்தது. வெள்ளைத்துரை அண்ணாச்சி ஊர் வழக்கப்படி எல்லா ஆபீசுக்கும் இலவசக் காலண்டர் அனுப்பினார். ஒன்று ரத்தினசாமியின் நாற்காலிக்குப் பின்னால் ஏறியது. அவர் தினமும் தாளைக் கிழித்து, கண்ணாடி போட்டுக் கடகத்தைப் பார்ப்பார். ‘தடை’. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுவார். “இன்னைக்குக் கையெழுத்து ஒண்ணும் ஆகாது. நாளைக்கு வரச் சொல்லும்.” நாளைக்குத் ‘தாமதம்’.

பார்த்துக்கொண்டிருந்த தனுஷ்கோடிக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. ஃபைலில் எத்தனை ஆயிரம் குறிப்பு எழுதியிருப்பார்! ஒன்றையாவது ஒருவர் படித்ததுண்டா? இப்போது டீக்கடையில் படிக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் படிக்கிறார்கள், அதிகாரியே கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார். தாம் எழுதியதைக் காலையில் எழுந்ததும் ஊர் படிக்கிறது என்கிற அந்தச் சந்தோஷத்துக்கு எந்தச் சம்பளமும் ஈடாகாது. அதற்காகவே அவர் இந்தத் தொழிலை உயிராக நினைத்தார்.

அப்போதுதான் மொட்டை மனு வந்தது. ‘இளநிலை உதவியாளர் தனுஷ்கோடி என்பார் அரசு விதிகளுக்கு முரணாக வீட்டில் எழுத்துத் தொழில் நடத்திவருகிறார்.’ கையெழுத்தில்லாத அந்த மனுவில் தேதிக்குப் பதிலாகத் திதியும் நட்சத்திரமும் பிழையில்லாமல் போட்டிருந்ததால், அது ஜோசியர் முனியசாமியின் கைங்கர்யம் என்று ஊகிப்பது சிரமமாக இல்லை.

ரத்தினசாமி கூப்பிட்டு அனுப்பினார். “என்னய்யா எழுதுறீரு?”

“சும்மா… பொதுவா சார். ஜனங்க நன்மைக்கு.”

“நன்மையோ தீமையோ, அனுமதி வேணும். மனுக் குடும். நான் கையெழுத்துப் போட்டா எழுதலாம். போடலேன்னா பதினேழு பி விதியில குற்றச்சாட்டு மெமோ, சஸ்பெண்டு.”

வெள்ளைத்துரை அண்ணாச்சியும் கெடு வைத்தார். “ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் ஆர்டர் பிடிக்கணும். அதுக்குள்ள அனுமதியோட வாரும். இல்லாட்டி முனியசாமி கேட்டதைக் குடுத்துருவேன்.”

தனுஷ்கோடி அன்றே முறைப்படி மனுக் கொடுத்தார். உரிய வழியாக அது ரத்தினசாமியின் மேஜைக்குப் போயிற்று. ரத்தினசாமி பேனாவைத் திறந்தார். திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“கடகத்துக்குத் தடைய்யா.”

மறுநாள் தாமதம். அதற்கு மறுநாள் முட்டுக்கட்டை. என்றைக்காவது நன்மை என்று போட்டிருக்கிறோமா என்று தனுஷ்கோடி மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். போட்டிருந்தார், ரத்தினசாமி ஒரே ஒருமுறை சிரித்த அன்றைக்கு. ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தத் தேதி இந்த வருஷம் ஆபீஸ் இல்லாத சனிக்கிழமையில் விழுந்திருந்தது.

“சார், வேற கம்பெனி காலண்டர் ஒண்ணு கொண்டாரட்டுமா? அதுல கடகத்துக்கு லாபம்னு போட்டிருக்கு.”

“நல்லா இருக்கே! ஆபீசுக்கு ஒரு காலண்டர்னு வழக்கம் இருக்கு. நெனச்ச நேரம் கிரகத்தை மாத்துறது கொள்கை முடிவு. சென்னையில இருந்து ஆர்டர் வரணும்.”

‘பயணம்’ என்று போட்ட தேதி வந்தது. தாள் சொன்ன பிற்பாடு போகாமல் இருக்கலாமா? ரத்தினசாமி திருச்செந்தூர் போனார். பொறுப்பு அதிகாரியாகக் கண்காணிப்பாளர் பத்திரகாளி அம்மையார் உட்கார்ந்தார். அவர் மீன ராசி! தாளில் ‘வெற்றி’. தனுஷ்கோடி ஃபைலை எடுத்துக்கொண்டு பறந்தார்.

“மேடம், உங்களுக்கு இன்னைக்கு வெற்றி. ஒரு கையெழுத்து…”

அம்மையார் ஃபைலைத் தொடவில்லை. “இன்னைக்கு மட்டுமா? வருசம் பூரா எனக்கு வெற்றிதான். ஏன் தெரியுமா? ஒண்ணுலயும் நான் கையெழுத்துப் போடுறதில்ல. நல்லா ஓடுற ராசியை உம்ம ஃபைலுக்காக நான் கெடுத்துக்கிடவா?”

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாத்தூரில் இருக்கும் குருவம்மாளின் தங்கை ஸ்ரீமதிக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெண் பார்க்கக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளையின் தகப்பனார் தாளைக் கிழித்துப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டார். ஸ்ரீமதி கடக ராசி.

“உங்க ஆபீசர் உங்கள வைஞ்சா, அதுக்கு எந் தங்கச்சி என்னங்க செய்வா? அந்தப் பிள்ளை தலையில இப்படித் தடை தடைன்னு எழுதி வச்சிருக்கீகளே!” என்று குருவம்மாள் அழுதாள். தனுஷ்கோடி சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். பிரம்மாவுக்குக்கூட மைத்துனி தொல்லை இருந்ததாகப் புராணத்தில் இல்லை.

ஆடிப்பெருக்கு நெருங்கியது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று தனுஷ்கோடி அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்.

“சார், அந்தப் பலனை எழுதினதே நான்தான். கடகத்துக்குத் தடைன்னு போட்டது நான்தான்.”

ரத்தினசாமி மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். “உமக்கு ஜோசியம் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“பஞ்சாங்கம்?”

“அதுவும் தெரியாது. நீங்க வைத அன்னைக்கெல்லாம் தடைன்னு போட்டேன். மன்னிச்சிருங்க.”

ரத்தினசாமி திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். “தடைன்னு போட்ட அன்னைக்கு நான் எதுலயாச்சும் கையெழுத்துப் போட்டேனா?”

“இல்ல சார்.”

“அப்ப தடை வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சு சார்.”

“பெறகென்ன தெரியாது தெரியாதுங்கிறீரு? தெரியாம எழுதியே இம்புட்டுப் பலிக்குதே, தெரிஞ்சு எழுதினா நாடு தாங்குமாய்யா?”

தனுஷ்கோடி குழறினார். “அப்ப என் அனுமதி, சார்?”

“தடை.”

“மெமோ?”

“அதுலயும் நான்தானே கையெழுத்துப் போடணும்? தடைன்னா ரெண்டுக்கும் தடைதான். ஓரவஞ்சனை நம்ம ஆபீசுல கெடையாது.”

தனுஷ்கோடிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதியையும் வாங்கிவிடும் ஆசையில், “அடுத்த வருசம் கடகத்துக்கு வெற்றி வெற்றின்னு போட்டுருதேன் சார்” என்றார்.

ரத்தினசாமி பதறி எழுந்து கதவைச் சாத்தினார். “போட்டுத் தொலைச்சிராதேயும்! வெற்றின்னு போட்டா நான் கையெழுத்துப் போடணும். மேஜையில மேல கெடக்கிறது உம்ம மெமோ. அதுக்குக் கீழதான் அனுமதி. மொத எது கைக்கு வரும்னு யோசிச்சீரா? எனக்கு ரிட்டயர்மெண்டு வருது. இந்த வருசம் ஒத்தக் கையெழுத்து இல்ல, அதனால ஒத்த ஆடிட் கேள்வி இல்ல. வாழ்க்கையில இப்படி ஒரு நிம்மதியை நான் பாத்ததில்ல. இதே மாதிரி எழுதும். ஒரு நாள் விடாம எழுதும். தொடர்ச்சிதான்யா முக்கியம்.”

வெள்ளைத்துரை அண்ணாச்சியிடம், ‘அனுமதி பரிசீலனையில் உள்ளது’ என்று ரத்தினசாமி வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். அரசாங்கத்தில் பரிசீலனைக்கு முடிவு கிடையாது என்பது அண்ணாச்சிக்கும் தெரியும். தொழில் தப்பியது.

சேதி ஆபீசில் கசிந்தது. ஒவ்வொருவராக வந்து காதைக் கடித்தார்கள். ஒருவர்கூட நன்மை கேட்கவில்லை. தபால் பிரிவுக்காரர் ‘மறதி’ கேட்டார். சர்வேயர் பயணப்படி வாங்குவதற்கு வசதியாகப் ‘பயணம்’ கேட்டார். மற்ற எல்லோரும் ‘தாமதம்’ கேட்டார்கள். தனுஷ்கோடி யாரையும் ஏமாற்றவில்லை.

ஸ்ரீமதி விஷயந்தான் உறுத்தியது. கடகத்துக்கு ஒரு நல்ல நாள் போட்டால் மைத்துனிக்குக் கல்யாணம், அவருக்கு மெமோ. வழி கண்டுபிடித்தவள் குருவம்மாள். ஜோசியர் முனியசாமியைக் கூப்பிட்டு, வெற்றிலையில் ஏதோ வைத்துக் கொடுத்தாள். அவர் ஸ்ரீமதியின் பிறந்த நேரத்தையும் நாளையும் சற்றே திருத்தி, பெண்ணை மீன ராசிக்கு இடமாற்றம் செய்துவிட்டார். தை மாதமே தாலி ஏறியது. திருத்திய ஜாதகத்தில் கையெழுத்துப் போட ஜோசியர் தயங்கவில்லை. அவர் என்ன, அரசு ஊழியரா?

2007 காலண்டர் முந்திய வருஷத்தைவிட அமோகமாக ஓடியது. ‘போட்டது போட்டபடி நடக்குதுப்பா’ என்று விருதுநகரிலும் சாத்தூரிலும் ஒரே பேச்சு. ஆபீசுக்கு வரும் ஜனங்கள் இப்போது வாசலிலேயே காலண்டரைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே திரும்பிப் போகிறார்கள். முன்பெல்லாம் ரத்தினசாமியை வைதுகொண்டு போனவர்கள் கிரகத்தை வைதுகொண்டு போகிறார்கள். கிரகத்தின் மேல் மனுக் கொடுக்க ஏற்பாடு இல்லாததால் புகார்களும் அடியோடு நின்றன. புகாரே இல்லாத அலுவலகம் என்று அடுத்த குடியரசு தினத்தில் நற்சான்று கிடைத்தது. அதைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதில் ரத்தினசாமி கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை.

தனுஷ்கோடி இன்றும் ஒரு நாள் விடாமல் எழுதுகிறார். ரத்தினசாமி ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் மெமோவும் அனுமதியும் அதே மேஜையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. புதிதாக வந்த அதிகாரிக்கும் கடக ராசியாம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதும் அநேகமாக அந்தக் காலண்டராகத்தான் இருக்கும். நீங்கள் கடகமாக இருந்தால், வருஷக்கணக்காக உங்களுக்கு ஏன் ஒன்றும் விளங்கவில்லை என்று கோயில் கோயிலாக அலைய வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்தங்கலில் ஒரு குடும்பம் பிழைக்க வேண்டியிருக்கிறது.