சடங்கு வீட்டு வாசலில் தோண்டிய குழி

கூச்ச சுபாவம் உள்ளவன் தண்ணீர்க் கசிவு தேடும் வேலைக்குப் போகவே கூடாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

பல வருஷம் குழி வெட்டிய பிறகுதான் காண்ட்ராக்டர் என்னிடம் அந்தக் கம்பியைக் கொடுத்தார். நீளமான இரும்புக் கம்பி. ஒரு முனையை ரோட்டு வால்வில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்தால், பூமிக்குள் தண்ணீர் ஒழுகும் இரைச்சல் கேட்கும். "தப்பாக் காட்டினா மறுபடி மண்வெட்டிதான்" என்று எங்களை மேய்க்கும் மண்டோர், மலாய்க்காரர் ஹாஷிம், முன்பே எச்சரித்திருந்தார்.

ஒரு ஞாயிறு காலை. தம்போயில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், தண்ணீர் மெதுவாக வருகிறதென்று புகார். போய் இறங்கினால், என் மனைவியின் அண்ணன் வீட்டுத் தெரு! அன்று மச்சானின் மகளுக்குச் சடங்கு. வேலை இருக்கிறது, வரமுடியாது என்று நான் சொல்லிவிட்டதால் என் மனைவி மட்டும் போயிருந்தாள். (வேலை இருந்தது நிஜம். அது அதே தெருவில் இருக்கும் என்று நான் கனவா கண்டேன்?)

மச்சான் வீட்டு வாசலில்தான் கம்பியில் இரைச்சல் பலமாகக் கேட்டது. ஆனால் சத்தம் கேட்டால் உடனே தோண்டக்கூடாது. பக்கத்து வீடுகளைத் தட்டி, பைப்பை அடைக்கச் சொல்லி, மறுபடி கேட்க வேண்டும். திறந்த பைப்பும் ஓட்டைக் குழாயும் ஒரே மாதிரிதான் இரையும். எல்லா வீட்டையும் தட்டினேன், மச்சான் வீட்டைத் தவிர. அங்கே பந்தல், பட்டுச்சேலைக் கூட்டம். நானோ சேற்று பூட்ஸில் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிட்டேன்.

"பெத்துல் கா?" என்றார் ஹாஷிம், நிச்சயந்தானா என்று.

"பெத்துல்" என்று மச்சான் வீட்டு வாசலில் நீலச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டேன்.

மெஷின் தோண்டியது. மண் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் என்று தோண்டியபோது மெஷினின் பல் நல்ல குழாயில் இறங்கியது. தண்ணீர் பந்தல் உயரத்துக்குப் பீறிட்டது. வீட்டுக்குள் பைப்புகள் நின்றுபோயின. மச்சான் வெளியே வந்தார்.

"மாப்பிள்ள, வேலை இருக்குன்னீங்க?"

"இதான் மச்சான் அந்த வேலை."

அத்தைதானே தண்ணீர் ஊற்ற வேண்டும்? என் மனைவி குடத்தோடு வந்து, அந்த நீரூற்றிலேயே பிடித்தாள். "தள்ளி நில்லுங்க. புள்ளைக்கு மஞ்சள் காயுது" என்றாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது. பின்கட்டில் சமையல்காரர்கள் பெரிய அண்டாவில் ஹோஸைப் போட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்கள். காலையிலிருந்து அண்டா நிரம்பி சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்ட இரைச்சல் அதுதான். இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. பூமிக்குள் ஒழுகினால் கசிவு; ஆள் தேட வேண்டும். கண்ணெதிரே ஓடினால் அதற்குப் பெயர் சமையலா? அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டு மொத்தமும் எனக்கு. மறுநாள் மண்வெட்டியும் எனக்கு.

நெடுநாள் கழித்துத்தான் கம்பி திரும்பக் கிடைத்தது. இப்போதெல்லாம் எந்தத் தெருவிலும் ஒரு வீட்டை விடாமல் தட்டுகிறேன். ஆனால் குடும்பத்தில் யார் நம்புகிறார்கள்? விசேஷம் எதுவானாலும், நாள் குறித்ததும் மச்சானின் முதல் போன் எனக்குத்தான்.

"மாப்பிள்ள, நீங்க வரலன்னாலும் பரவால்ல. அன்னைக்கு லீவு மட்டும் போட்டுருங்க."