கடைசி எக்சிட்டைத் தாண்டிய டெஸ்ட் டிரைவ்

என் தம்பி குணா ஒரு புளுகன்.

இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த வடையை எடுப்பான். அதனால்தான் எழுதி வைக்கிறேன். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவன், லைசென்ஸ் பரீட்சையில் மூன்று முறை தோற்றவன், உலகத்தில் ஓடும் அத்தனை கார்களைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வான். அந்தத் தீர்ப்பை நம்பியவள் நான். (என்னைவிடப் பெரிய முட்டாளை நீங்கள் தேட வேண்டியதில்லை.)

ஐந்து வருடங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு கார் தேவைப்பட்டது. வீடு சிங்கப்பூரின் நடுவில், ஆங் மோ கியோவில். வேலை தீவின் மேற்கு முனையில், துவாஸில். அங்கே ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் உதிரிபாகக் கிடங்கு என் பொறுப்பு. ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, பூன் லேயில் இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, பஸ்ஸிலும் நின்று போவேன். காலையில் நான் கிளம்பும்போது மகள் தாரணி தூங்கிக்கொண்டிருப்பாள். நான் திரும்பும்போது தூங்கப் போய்க்கொண்டிருப்பாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பள்ளியில் "என் அம்மா" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "என் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவார்" என்று ஆரம்பித்திருந்தாள்.

அன்றைக்கே சொல்லிவிட்டேன், கார் வாங்கியே தீர வேண்டும் என்று.

என் கணவர் ரவி மறுக்கவில்லை. நிபந்தனை போட்டார். "லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடணும். அதுக்குக் கீழ ஓடுற வண்டி வேண்டாம். இந்த ஊர்ல கார் வாங்குறதே பெரிய செலவு, அப்புறம் பெட்ரோலுக்கு வேற அழணுமா? ஆனா ஓட்டுறதுக்கும் நல்லா இருக்கணும். டப்பாக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கக் கூடாது."

ஆறு கார்கள் பார்த்தோம். இருபது ஓடியது டப்பாவாக இருந்தது. டப்பாவாக இல்லாதது பெட்ரோலை அண்டா அண்டாவாகக் குடித்தது. ரவி சலித்துப்போய், "இன்னும் ஒண்ணுதான் பாப்பேன். சரி வரலேன்னா நீ ரயில்லயே போ" என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. மீன் தலைக் கறியின் கண்ணை நோண்டிக்கொண்டே குணா தீர்ப்பு வழங்கினான். "ஹைப்ரிட் வாங்குக்கா. நான் சொல்ற மாடல் இருபத்திநாலு போகும்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியும் லா."

இவ்வளவுதான் ஆராய்ச்சி. அடுத்த சனிக்கிழமை, ஜூன் மாதப் பள்ளி விடுமுறை, நாங்கள் நான்கு பேரும் பழைய கார் விற்கும் ஒரு கடையில் நின்றோம். விற்பனையாளர் திரு. லிம்முக்கு ஐம்பது வயது இருக்கும். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். பக்கத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்றார்.

நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். "தினமும் நான் போகும் தூரத்தை ஓட்டிப் பார்த்தால்தான் வாங்குவேன். இல்லாவிட்டால் இறங்க மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் கிடங்கில் லாரி ஓட்டுநர்களோடு சண்டை போட்டுக் கற்றது. அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

ஓர் உண்மையை அவரிடம் சொல்லவில்லை. துவாஸுக்குப் பல வருடங்களாகப் போகிறேனே தவிர, ஒரு நாளும் நானாக ஓட்டிக்கொண்டு போனதில்லை.

அந்தக் காரில் ஒரு சின்னத் திரை இருந்தது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அதுவரை ஓடியதன் சராசரியைக் காட்டும். கிளம்பும்போது பதினைந்து. விரைவுச்சாலையில் ஏறியதும் பதினேழு. அதற்கப்புறம் நான் சாலையைப் பார்த்ததைவிட அந்தத் திரையைப் பார்த்ததுதான் அதிகம். ஏர்கானை அணைத்தேன். லிம் போட்டார். நான் அணைத்தேன். ரவி ஜன்னலைத் திறக்கப் போனார்.

"திறக்காதீங்க மாமா! காத்து இழுக்கும், நம்பர் இறங்கிடும்!" என்று குணா கத்தினான்.

மூடிய காருக்குள் ஐந்து பேர். தாரணி, "அம்மா, நான் வேகுறேன்" என்றாள். லிம் டையைத் தளர்த்தினார். பிரேக்கில் கால் வைத்தால் பெட்ரோல் வீண் என்று குணா சொன்னதால் நான் பிரேக்கை மறந்தே போனேன். ஒரே சீராக, ஒரே தடத்தில், பின்னால் வந்த லாரிகள் அத்தனையும் ஹாரன் அடிக்க, பத்தொன்பது புள்ளி நான்கு. புள்ளி ஏழு. புள்ளி ஒன்பது.

அந்த நேரம் பார்த்து, துவாஸுக்குள் இறங்கும் கடைசிப் பாதை இடது பக்கம் வந்தது.

"மேடம், எக்சிட்! எக்சிட்!" என்றார் லிம்.

திரும்பினால் பிரேக் போட வேண்டும். பிரேக் போட்டால் எண் இறங்கும். திரையைக் கைப்பேசியில் வீடியோ எடுத்தபடி பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குணா, "நேரா போக்கா! இன்னொரு எக்சிட் இருக்கு!" என்றான்.

"எக்சிட் எல்லாம் அப்புறம்! முதல்ல இருபது வரட்டும்!" என்றேன் நான்.

இருபது வந்தது. காருக்குள் கூச்சல். எல்லாரும் மகிழ்ச்சியில் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். தாரணி மட்டும்தான் மகிழ்ச்சியில் கத்தினாள்.

அந்தச் சாலையின் முடிவில் இருப்பது எல்லைச் சோதனைச்சாவடி. அதற்கு அப்பால் பாலம், பாலத்துக்கு அப்பால் மலேசியா. குணா சொன்ன இன்னொரு எக்சிட்டை இன்றுவரை யாரும் கட்டவில்லை. விடுமுறைச் சனிக்கிழமை என்பதால் பாதி சிங்கப்பூர் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றது. மீதிப் பாதி பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

"பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கு?" என்று ரவி மெதுவாகக் கேட்டார். (அவர் மெதுவாகப் பேசினால்தான் பயம்.)

யாரிடமும் இல்லை.

"வந்தது வந்துட்டோம், அந்தப் பக்கம் போய் நல்லா சாப்பிட்டுட்டு..." என்றான் குணா.

"எதைக் காட்டிடா போவே? உன் மூஞ்சியையா?"

லிம் பெருமூச்சு விட்டார். பெட்ரோலும் கால் டாங்க்தான் இருக்கிறது என்றார். சிங்கப்பூர் வண்டி முக்கால் டாங்க் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஆக, போகத் தகுதியில்லாதது நாங்கள் மட்டுமல்ல, காரும்தான்.

நான் தோற்றுப்போய் ஏர்கானைப் போட்டேன். எண் இறங்க ஆரம்பித்தது. பத்தொன்பது. பதினெட்டரை. என் ஞாயிற்றுக்கிழமை அம்மா உத்தியோகம் நிரந்தரமாகிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வரும். அதை மறைக்க ஹாரன் அடித்தேன். முன் காரில் இருந்தவர் இரண்டு கையையும் வெளியே நீட்டி விரித்துக் காட்டினார்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பதினொரு மணி வாடிக்கையாளரிடம் லிம் போனில் மன்னிப்புக் கேட்டார். பிறகு பையிலிருந்து கடலைப் பொட்டலம் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். ரவி காலை நீட்டிக்கொண்டார். தாரணி பேச ஆரம்பித்தாள். சண்டை போட்ட தோழி, பல் விழுந்த கதை, கணக்கு டீச்சர் தும்முவது எப்படி என்று நிறுத்தாமல் பேசினாள். அதில் ஒன்றுகூட நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரையைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை.

சாவடியில் ஒரு பெண் அதிகாரி. தமிழ்ப் பெண்தான். "பாஸ்போர்ட்?" என்றார்.

"இல்லை."

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகல."

டை தொங்க உட்கார்ந்திருந்த லிம்மைப் பார்த்தார். "இவர் யாரு?"

"காரை விக்கிறவர்."

"அப்ப கார் யாரோடது?"

"இன்னும் முடிவாகலங்க."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஓரமாக நிறுத்தச் சொல்லி, பெரியவர்கள் எல்லாருடைய அடையாள அட்டையையும் சரிபார்த்து, திரும்பிப் போக வழி விட்டார்கள்.

கடைக்கு வந்தபோது திரையில் பதினேழு. நான் ரவியின் முகத்தைப் பார்க்காமல் சாவியை லிம்மிடம் நீட்டினேன்.

"அதை ஏன் குடுக்குற? வாங்கிக்கலாம்" என்றார் ரவி.

"பதினேழுதாங்க."

"பாத்தேன். அஞ்சு பேரு, ரெண்டு மணி நேரம் அடைச்சுக் கெடந்தோம். யாருக்கும் இடுப்பு வலிக்கல. யாரும் யாரையும் அடிக்கல. உன் தம்பியக்கூட நான் அடிக்கல. இதைவிட நல்ல வண்டி எங்க கெடைக்கும்?"

லிம் ஓடிப்போய்ப் பத்திரங்களைக் கொண்டு வந்தார். நாங்கள் மனம் மாறுவதற்குள்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தால், பூசைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் என் பாஸ்போர்ட். குணா வைத்தது. அய்யர் அதற்கும் குங்குமம் வைத்துவிட்டார். அட்டையில் அந்தக் கறை இன்னும் போகவில்லை. நான் பால் வாங்க எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே போனாலும், "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இப்போது காலையில் தாரணியைப் பள்ளியில் இறக்கிவிடுவது நான்தான். கதவை மூடும்போது அவளும் கேட்கிறாள்.

கார் இன்று பத்தொன்பது ஓடுகிறது. இருபத்திநாலை அது கண்ணால் கண்டதில்லை. ஓட்டியது நான், திரையைப் பார்த்தது நான், தப்பு என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் குணா கைப்பேசியில் காட்டும் வீடியோ ஏழு வினாடிதான் ஓடுகிறது. "எக்சிட் எல்லாம் அப்புறம்" என்று நான் கத்துவதிலிருந்து அது தொடங்குகிறது. அதற்கு முந்தைய பகுதியை வெட்டிவிட்டான். அதில் இருந்தது அவன் குரல்.

குணா, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம். அந்த வீடியோவை முழுசாக, சத்தத்தோடு, அங்கே போடு. "நேரா போக்கா" என்று சொன்னது யார்? எல்லாரும் படிக்கும்படி பதில் எழுது.