மேற்கூரைப் புகாரும் காந்தச் செவிப்பொறியும்

செவி என்ற ஒன்று இல்லாமலே அனைத்தையும் கேட்கிறவனும், கேட்ட மாத்திரத்தில் அருள்கிறவனும், எந்த அலுவலகத்திலும் அமர்ந்து மனு வாங்காதவனுமாகிய பரம்பொருளின் திருவடிகளை முதற்கண் வணங்கி, செவி இரண்டிருந்தும் அதற்குமேல் ஒன்றைத் தேடி மாட்டிக்கொண்டவர்களின் வரலாற்றைச் சொல்லப் புகுவோம்.

அரசுக் குடியிருப்புகளுக்கென்று குறைகேட்புப் பிரிவு ஒன்று உண்டு. 'குடியிருப்போரின் குறை ஒவ்வொன்றும் செவ்வனே கேட்கப்படுதல் வேண்டும்' என்பது அதன் முதல் விதி. கேட்ட பின் என்ன செய்ய வேண்டும் என்பது குறித்து விதி மௌனம் சாதித்தது. பிரிவினரும் பெரியோர் மௌனத்தைக் கலைப்பது மரியாதையன்று என்று கருதி அவ்வாறே இருந்துவிட்டார்கள். காகிதத்தை ஒழிக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை வந்த பிறகு, புகாரை எழுதித் தர வேண்டிய தொல்லையும் நீங்கியது. கண்ணாடி அறைக்குள் அமர்ந்து மைக்கில் சொன்னால் போதும். அது அப்படியே பதிவாகிவிடும்.

மேல்மாடியில் குடியிருந்த தையற்காரி ஒரு மழைநாளில் அந்த அறைக்குள் நுழைந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்கை ஒரு மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பேசினாள்.

"மேற்கூரை ஒழுகுதுங்க. முன்னெல்லாம் சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. இப்போ காரை பேந்து கட்டிகட்டியா விழுது. மாமியார் இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையா இருக்காங்க. கட்டிலை மூலைக்கு மூலை நகர்த்திப் பாத்துட்டேன். இனிமே நகர்த்த மூலை இல்லைங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வீட்டுக்கு நாலு மூலைதானேங்க."

பிரிவின் தலைமை அலுவலரை ஊழியர்கள் காதுக்காரர் என்று அழைத்தார்கள். பட்டப்பெயர்தான் என்றாலும் அவர் அதை விருதாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். பிளேனார் என்னும் உயர்ரக ஹெட்போன் ஒன்று அவரிடம் இருந்தது. மற்ற ஹெட்போன்களில் சிறு கூம்பு ஒன்று துடிக்கும். இதிலோ, வெங்காயத் தோலினும் மெல்லிய சவ்வொன்று, காந்தங்களுக்கு நடுவே, ஒரு புறமும் கோணாமல் முழுவதுமாக அசையும். அதன் விலையைச் சொன்னால் கேட்பவர்க்குக் காது அடைத்துவிடும். அப்புறம் கதை கேட்க இயலாது. வீட்டில் அதை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டவர், 'செவ்வனே' என்ற சொல்லின் மெய்ப்பொருள் விளங்கிய நாளில் அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டார். துணை அலுவலர் சும்மா இருப்பாரா? அவரும் வேறொரு பிளேனாரை வாங்கினார். அன்றுமுதல் பிரிவில் புகார் கேட்பது நின்று, புகாரில் ஹெட்போனைக் கேட்பது தொடங்கிற்று.

தையற்காரியின் குரல் அவர்கள் செவியை அடைந்ததும் காதுக்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

"'மூலை இல்லைங்க'ன்னு முடிச்சதும் ஒரு மூச்சு வாங்குறாங்க பாருங்க. தொண்டையில தொடங்கி மூக்குல முடியுது. உங்களோடதுல வருதா?"

"தொண்டையோட நின்னுடுது சார்."

"காது மெத்தையை மாத்துங்க. தோல் மெத்தை பேஸை, அதான் அடிநாதத்தை மட்டும்தான் தூக்கும். வெல்வெட் போட்டா மூக்கு தானா வரும்."

"ஆனா சார், நாலு மூலைன்னு சொல்றப்போ என்னோடதுல நாலு மூலையும் தனித்தனியாத் தெரியுது."

காதுக்காரர் அதை வாங்கி மாட்டிப் பார்த்தார். உண்மைதான், நாலு மூலையும் தெரிந்தது. நடுவில் இருந்த கட்டில் மட்டும் இருவர் ஹெட்போனிலும் தெரியவில்லை.

சில வாரம் பொறுத்துத் தையற்காரி மறுபடி வந்தாள். அதற்குள் ஒரு கட்டி மாமியாரின் தலையணை ஓரத்தில் விழுந்திருந்தது. காதுக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். அரசு அலுவலகத்தில் தனக்காக ஒருவர் எழுந்து நின்றதைக் கண்ட தையற்காரி, பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள்.

"உங்க புகாரைக் கேட்டாச்சும்மா. தினமும் கேக்குறோம்."

"ரொம்ப நன்றிங்க ஐயா. ஆள் எப்போ வருவாங்க?"

"என்ன ஆள்?"

"கூரையைப் பூசுறதுக்கு."

நிலாவைக் காட்டியவனிடம், விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டதுபோல் காதுக்காரரின் முகம் வாடிற்று.

"அது பராமரிப்புப் பிரிவும்மா. நாங்க கேக்குற பிரிவு."

"அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமுங்களே."

"சொல்றதுக்குத் தனியா ஒரு பிரிவு இருக்கு."

துணை அலுவலர் பரிவோடு விளக்கினார். "அவசரப்படாதீங்கம்மா. குறை தீர்ந்துட்டா பதிவை அழிச்சுடணும்னு விதி இருக்கு. உங்க குரலைத்தான் இப்போ இலாகா பூராவும் அளவுகோலா வச்சிருக்கோம். அது அழிஞ்சா, எந்த ஹெட்போன் ஒசத்தின்னு எதை வச்சுச் சொல்றது?"

அவர் சொன்னது மெய். 'மேற்படி குரலானது ஒப்பீட்டுக்குரிய நியமக் குரலாக இதனால் அங்கீகரிக்கப்படுவதுடன், அதற்கு ஊறு விளைவிக்கத்தக்க பழுதுபார்ப்புப் பணி எதுவும் முன் அனுமதியின்றி மேற்கொள்ளப்படலாகாது' என்று ஆணையே பிறந்திருந்தது. பிற இலாகாக்களின் தலைவர்கள் மெத்தை வைத்த பெட்டிகளில் தத்தம் பிளேனாரைச் சுமந்து வந்தார்கள். மூலை இல்லாத கட்டிலைக் கேட்டுத் தலையாட்டினார்கள். ஒருவர் கம்பியை மாற்றினால் கண்ணீரின் ஈரம் கூடும் என்றார். மற்றவர் ஆம்ப்ளிஃபையரை மாற்றினால் கண்ணீர் வலக்கண்ணிலா இடக்கண்ணிலா என்பதே தெரிந்துவிடும் என்றார். பொறியைக் கழுத்தில் மாலைபோல் தொங்கவிட்டு நடப்பது வழக்கமாயிற்று. அதன் கனமோ கொஞ்சமன்று. நாளடைவில் கழுத்துவலி பதவி உயர்வின் அறிகுறியாகக் கருதப்பட்டது. கழுத்து நேராக நின்றவனை, வளர வழியற்றவன் என்றார்கள்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் தையற்காரியை மறித்தாள்.

"உன் புகாரை எதுல கேட்டாங்களாம்?"

"என்னமோ காந்தம் வச்சதாம் அக்கா."

"குடுத்து வச்சவடி நீ. என் சாக்கடைப் புகாரை வெறும் ஸ்பீக்கர்ல கேட்டிருக்காங்க. வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு."

தையற்காரிக்கு எரிச்சல் மூண்டது. அடுத்த மழைக்கு முன் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அலுவலகம் போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்பதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் வாய் திறக்குமுன், காதுக்காரர் ஹெட்போனை அவள் தலையில் கிரீடம் சூட்டுவதுபோல் சூட்டினார்.

அவள் அப்படியே நின்றாள். யாரோ ஒரு பெண் தன் காதுக்கு உள்ளேயே அமர்ந்து பேசினாள். அந்தப் பெண்ணின் வாழ்க்கை எவ்வளவு பாரமானது. அவள் குரல் எவ்வளவு அடக்கமானது. இனிமே நகர்த்த மூலை இல்லைங்க என்று கேட்டபோது தையற்காரியின் கண்கள் பொங்கின.

"பாவங்க. யாரு பெத்த பொண்ணோ. இந்தப் பொண்ணுக்கு யாராவது ஏதாவது செய்யணுங்க ஐயா."

"அதைத்தாம்மா நாங்களும் தினமும் சொல்லிக்கிறோம்," என்றார் காதுக்காரர்.

கேட்க வந்த நாலு கேள்வியும் அவளுக்கு மறந்துபோயின. இன்னொரு முறை கேட்கலாமா என்பதை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பினாள். அவள் சொன்னதைக் கேட்டு மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"இடுப்பு என்னோடது. கட்டில் என்னோடது. கேக்குறதுக்கு மட்டும் நான் ஆகாதவளா?"

நியாயந்தான். அக்கம்பக்கத்தார் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியாரை உட்கார வைத்து, நால்வராகத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். மாமியார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து முடிவுவரை கேட்டார்.

"இவளா என் மருமக? வீட்டுல இப்படி ஒரு நாளும் பேசினதில்லையே. மாத்திரை கேட்டா, ணங்குனு வைக்கிற டம்ளர்தான் எங்கூடப் பேசும்."

"அத்தை, நாலு பேர் இருக்காங்க, சும்மா இருங்க."

"நாலு பேர் கேக்கணும்னுதானே சொல்றேன்."

அந்த நேரத்தில்தான் வீட்டு மேற்கூரை இடிந்து, கட்டிலின் மேல் முழுதாக விழுந்தது.

மறுநாள் தையற்காரி பதறிக்கொண்டு ஓடினாள். காதுக்காரர் பொறுமையாகக் கேட்டு, உடனே ஆணை பிறப்பித்தார். அந்த அலுவலகத்தில் ஒரு காரியம் அன்றைக்கே நடந்தது அதுவே முதன்முறை. 'மேற்படி வீட்டில் ஒழுகுவதற்குரிய மேற்கூரை இல்லாது போனமையால், மேற்கூரை ஒழுகுகிறது என்ற குறை முற்றிலும் தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. கேட்புச் சாதனமானது தக்க தருணத்தில் பயனாளியைக் கட்டிலினின்றும் அகற்றி உயிர் காத்தமையும் பதிவு செய்யப்படுகிறது.'

"குறை தீர்ந்துடுச்சும்மா," என்றார் அவர் தழுதழுத்து. "இனி பதிவை அழிச்சுத்தான் ஆகணும். விதி."

தையற்காரி கைகூப்பினாள். "ஐயா, அதை மட்டும் அழிச்சுடாதீங்க. கூரை போனாப் போகட்டும். வேணும்னா புதுசா ஒரு புகார் குடுக்குறேன். கூரையே இல்லைன்னு."

காதுக்காரரின் முகம் மெல்ல மலர்ந்தது. "கூரையே இல்லையா? அப்போ எதிரொலியும் இருக்காதே. அங்கேயே வந்து பதிவு பண்ணிடலாம்மா."

மறுமழைக்கு அவர்கள் மேல்மாடிக்கு வந்தார்கள். வானம் பார்த்த அறையின் நடுவே, தார்ப்பாய் கட்டிய ஒரு கயிற்றுக் கட்டிலில் மாமியார் படுத்திருந்தார். குடைக்கடியில் இரண்டு பிளேனார்கள். மாடிப்படி முழுக்கக் குடியிருப்பே வரிசையில் நின்றது; கீழ்வீட்டுக்காரிதான் முதல் ஆள். சாக்கடையைப் பற்றியோ கூரையைப் பற்றியோ ஒருவரும் பேசவில்லை. தம் முறை எப்போது வரும் என்பதே பேச்சாக இருந்தது.

காதுக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "துளி ஒவ்வொண்ணும் அருமையா விழுது. இந்தத் தார்ப்பாய்ச் சத்தம்தான் எல்லாத்தையும் கெடுக்குது. கொஞ்சம் எடுத்துடலாமா?"

தையற்காரி மைக்கைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

"அத்தை, ஒரு நிமிஷந்தான்."

"எடு, எடு," என்றார் மாமியார், முகத்தில் மழை விழக் கையை நீட்டியவாறே. "முதல்ல எனக்கு மாட்டி விடு. போன தடவை மூக்கு சரியா வரலை."

இக்கதையைக் காதாரக் கேட்டோரும், கேட்டோர்க்கு எடுத்துச் சொன்னோரும், சொன்ன விதம் அழகு என்று தலையாட்டியோரும் நீடு வாழ்க. அவர்தம் தலைமேல் கூரை நிலைத்து நிற்க. கேட்ட காதுக்குப் பக்கத்திலேயே இரண்டு கைகளையும் படைத்து வைத்த பெருமான், அவை அசையும் வரத்தையும் அவர்கட்கு அருள்க.