கீர்த்திபுரத்துக் கைகாட்டிகள்

திசைநாட்டில் வழி தெரியாதவர்கள் அரண்மனை வாசலில் இருக்கும் வழிமண்டபத்தில்தான் கேட்க வேண்டும். "பாம்புக்கடிக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், குமாஸ்தா ஓலையைப் பார்த்து ஊர்களை வரிசையாக வாசிப்பார். பதறி வருகிறவர்கள் முதல் பெயரோடு ஓடிவிடுவார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டவர் அந்த நாட்டில் யாருமில்லை.

எந்த ஊர் முதலில் என்பதற்கும் சட்டம் இருந்தது. பிற ஊர்களில் எந்த ஊரைக் காட்டி அதிகக் கைகாட்டி மரங்கள் நிற்கின்றனவோ, அதுவே முதல். ஆரம்பத்தில் அது நியாயமாகத்தான் நடந்தது. குணமானவர்கள் தங்கள் ஊர் எல்லையில் நன்றியோடு ஒரு கைகாட்டி நட்டார்கள். கிழக்கே கள்ளிமேட்டில் இருந்த பாம்புக்கடி வைத்தியச்சி செங்கமலம் அப்படித்தான் பெயர் பெற்றாள்.

பிறகு கீர்த்திபுரத்துக்கு விஷயம் புரிந்தது. அங்கே வைத்தியர் கிடையாது, தச்சர்கள் உண்டு. ஒரே மாதத்தில் முள்காட்டிலும் குளத்து நடுவிலும் சுடுகாட்டிலும் ஆயிரம் கைகாட்டிகள் முளைத்தன. கைகாட்டி நடுவதற்கென்றே ஆளில்லாத ஊர்கள் சில புதிதாக உண்டாக்கப்பட்டன. கீர்த்திபுரம் முதலிடத்துக்கு வந்தது.

மோசடியை ஒழிக்கத் திசையமைச்சர் சந்திரசூடர் ஆணையிட்டார்: "சுடுகாட்டில் நிற்கும் கைகாட்டி எந்த ஊரைக் காட்டுகிறதோ, அந்த ஊர் கடைசிக்குத் தள்ளப்படும்."

மறுவாரமே கீர்த்திபுரத்தார் சுடுகாட்டில் இருந்த தங்கள் மரங்களைப் பிடுங்கிவிட்டு, சுடுகாடு தவறாமல் புதுக் கைகாட்டி நட்டார்கள். எல்லாம் கள்ளிமேட்டைக் காட்டின. கள்ளிமேடு கடைசிக்குப் போனது. அந்தக் கோடையில் பதினோரு பேர் கீர்த்திபுரத்துத் தச்சுப்பட்டறை வாசலில் செத்தார்கள்.

செங்கமலம் மண்டபத்துக்கு நடந்தே வந்தாள்.

"அந்த மரத்த நாங்க நடலீங்க. கீர்த்திபுரத்துல மருந்து ஏதுங்க? மரம் சீவுற இழைப்புளிதான் இருக்கு. சனம் சாகுதுங்க."

"அம்மணி, மரம் எங்கே நிற்கிறது என்பதே மண்டபத்தின் அக்கறை. யார் நட்டார் என்பதன்று" என்றார் குமாஸ்தா.

"அப்ப மரத்த நீங்களே வெச்சுக்குங்க. நான் விடப்போறதில்ல."

அவள் பிழைக்கவைத்தவர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினாள். அவர்கள் ஒவ்வொரு முச்சந்தியிலும் முறைவைத்து, கள்ளிமேட்டுப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வெயிலிலும் நின்றார்கள், மழையிலும் நின்றார்கள். "மரக்கையே கை, மனிதக் கை செல்லாது" என்று அடுத்த ஆணை வந்தது. அதன்பிறகும் நின்றார்கள்.

ஒரு நாள் தோட்டத்தில் அமைச்சரையே பாம்பு கடித்தது. மண்டபத்துக்குத் தூக்கிவந்தார்கள். குமாஸ்தா முறைப்படி ஓலையைப் பிரித்து, "முதலாவது, கீர்த்தி..." என்று ஆரம்பித்தார்.

"அத மூடுய்யா!" என்று அலறினார் அமைச்சர். "வண்டியக் கள்ளிமேட்டுக்கு விடு!"

"வழி தெரியாதுங்களே?" என்றான் வண்டிக்காரன்.

தெரிய வேண்டியிருக்கவில்லை. முச்சந்திக்கு முச்சந்தி ஒரு கை நீண்டிருந்தது. செங்கமலம் எதுவும் கேட்காமல் மருந்து கொடுத்தாள். எழுந்து உட்கார்ந்தவரிடம், "இனி உங்க முறைக்கு நீங்களும் ஒரு முச்சந்தியில நிக்கணும்ங்க" என்றாள். அமைச்சர் தலையாட்டினார்.

ஊர் திரும்பியதும் சட்டத்தைத் திருத்தினார்: "அமைச்சர்களும் அவர்தம் குடும்பத்தாரும் ஓலையைப் பின்பற்றத் தேவையில்லை."

மறுநாள் ஒருத்தி கடிபட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடிவந்தாள். குமாஸ்தா சட்டப்படி உரக்க வாசித்தார்: "முதலாவது, கீர்த்திபுரம்!"

அவருடைய இடது கை மட்டும், ஓலைக்கு அடியிலிருந்து, கிழக்கே நீண்டிருந்தது.