இருபது வருஷக்காரரும் நாலு விரல் கணக்கும்

தன் வண்டியைத் தானே இடித்துவிட்டு, இடிபட்டதன் மேல் குற்றம் சாட்டும் இனம் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் தேடிப் போக வேண்டாம். ஒரு கார் பின்னால் நகரும் இடத்தில் சும்மா நில்லுங்கள், தானே வந்து சேரும்.

எங்கள் எதிர்வீட்டில் இருப்பவர் அந்த இனத்தில் அசல். “இருபது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் கிடையாது” என்று அவர் சொல்லத் தொடங்கியே ஆறு வருஷமாகிறது, இருபது மட்டும் இருபதாகவே நிற்கிறது. அதனால் தெருவில் அவருக்கு இருபது வருஷக்காரர் என்றே பெயர். ஞாயிறு காலையில் காரைத் துடைப்பார், துடைத்த துணியை அலசிக் காயப்போடுவார், காய்ந்ததும் அதே துணியால் மறுபடி துடைப்பார், நடுவில் யாராவது வண்டியைப் பின்னால் எடுத்தால் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய், வரலாம், வரலாம், ஒடிங்க, இன்னும் ஒடிங்க என்று கையை வீசுவார். அவரை யாராவது கூப்பிட்டார்களா? இல்லை.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஓட்டுநர் உரிமம் வாங்கி மூன்று வருஷமாகிறது, அது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. சாவிதான் கைக்கு வரவில்லை. வாசல் கேட்டுக்குள் காரை ஒழுங்காக நுழைத்துக் காட்டினால் தருவதாக வாக்கு. ஞாயிறுதோறும் பரீட்சை, ஞாயிறுதோறும் ஃபெயில். ஒரு தடவை கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றார், இன்னொரு தடவை அதிகமாகப் பார்த்தாய் என்றார். இந்த நிலையில் அந்த அம்மாளை ஊரின் மறுகோடிக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். திங்கள்கிழமையிலிருந்து காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம்மவர், முதலில் நான் செய்வதைப் பார் என்று தானே காரைக் கொண்டுவந்து கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். தெருவைவிட வாசல் கொஞ்சம் பள்ளம். இறங்கினார். மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி, தூணுக்கும் காருக்கும் இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் விட வேண்டும், இதுதான் கணக்கு என்று விரலை மடக்கி விரித்துப் பாடம் நடத்தினார். எல்லாம் சரி, ஹேண்ட்பிரேக்?

கார் அவசரப்படாமல் கிளம்பியது. நம்மவர் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். பிரேக் என்னவோ காருக்குள்தான் இருந்தது. இடது முகப்பு விளக்கு தூணில் மோதிச் சிதறியது.

பிறகு விசாரணை தொடங்கியது. கொத்தனார் தூணைத் தள்ளிக் கட்டிவிட்டார். ரோடு போட்டவர்கள் சரிவாகப் போட்டுவிட்டார்கள். கடைசியில் மனைவி குறுக்கே கேள்வி கேட்டதால் கவனம் சிதறிவிட்டது. அந்த அம்மாள் அதுவரை வாயே திறக்கவில்லை. கணவர் தோளிலிருந்த துணியை எடுத்து, கண்ணாடிச் சில்லுகளை அதில் கூட்டி அள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

“சாவியக் குடுங்க.”

“உடைஞ்ச வண்டியையா எடுக்கப்போற?”

“ஆமா. இனிமே இடிச்சிடுவேனோன்னு பயப்பட வேண்டாம் பாருங்க.”

பின்னால் எடுத்து, நேராக்கி, ஒரே மூச்சில் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு பக்கமும் நாலு விரல். ஹேண்ட்பிரேக்கை அவர் இழுத்த சத்தம் என் வீட்டு மாடி வரைக்கும் கேட்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, அக்கம்பக்கத்து உறவை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

விளக்கு மாற்றியாயிற்று, அந்த அம்மாள் தினமும் வேலைக்குப் போகிறார். நம்மவர் மட்டும் வாசகத்தைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறார். “இருபது வருஷத்துல நான் ஓட்டும்போது ஒரு கீறல் கிடையாது.” உண்மைதானே? இடித்தபோது அவர் ஓட்டவில்லை.

சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்ததும் உங்கள் வண்டியின் பின்பக்கம் போய், அந்த மூலையில் சம்பந்தமில்லாமல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஏதோ ஒரு லாரிக்காரன் உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டான் என்றுதானே வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள்? நம்புகிறேன். என் வண்டியை உரசியவனும் அவன்தான்.