ஜெர்மன் சட்டப்படி ஒரு ரொட்டிக் கடை

ஆக்லாந்திலேயே வாடகைக்காரர்களை அதிகமாக மிரட்டிய கட்டடச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: ஜெர்மன். அந்த மிரட்டல்களால் நஷ்டப்பட்டவர் யார் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

ஜெர்மன் என்பது அவர் பெயரல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாதி ஆயுளை ஜெர்மனியில் கழித்துவிட்டு, மகளோடு இருக்க ஆக்லாந்து வந்தவர். வந்த கையோடு கிளென் ஈடனில் கடைகள் வரிசையாக உள்ள ஒரு கட்டடத்தை வாங்கினார். அதில் ஒரு கடையில் நான் லேப்டாப் பழுது பார்க்கிறேன். பக்கத்துக் கடையில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த கமலா, அந்த ஊர் பரோட்டாவான ரொட்டி சானாய் போடுகிறார்.

ஒருமுறை என் வாடகை ஒரு நாள் தாமதமாகிவிட்டது. மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால் கோட்டும் தொப்பியுமாக நிற்கிறார்.

"தம்பி, நீர் தவறின ஆள். திகதி ஒப்பந்தத்தில கிடக்கு. நான் ஞாபகப்படுத்தவே தேவையில்லை. நீர் நித்திரையா இருக்கேக்கையே வட்டி ஓடத் தொடங்கிட்டுது. கடை எண்டபடியால் வட்டி வீட்டு வாடகையை விடக் கூட!"

"அண்ணே, இது நியூசிலாந்து."

"எனக்குத் தெரிஞ்ச சட்டம் அதுதான். இன்னொண்டு படிக்க வயசில்லை. வட்டிக்கு ஒரு கோப்பி போடும்."

போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை குறைவு என்று அசலையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

அந்தக் குளிர்காலத்தில் குழாய் பதிக்கிறோம் என்று எங்கள் கடைகளுக்கு முன்னால் தெருவைத் தோண்டினார்கள். ஆரஞ்சு நிறக் கூம்புகள் முளைத்தன. வாடிக்கையாளர்கள் மறைந்தார்கள். என்னிடம் வருகிறவர்கள் லேப்டாப்பைத் தலையில் தூக்கிக்கொண்டாவது வருவார்கள். ரொட்டிக்காக யார் பள்ளம் தாண்டுவார்கள்? கமலாவின் வாடகை ஒரு மாதம் நின்றது. அடுத்த மாதமும் நின்றது.

ஜெர்மன் வந்தார். கையில் சிவப்பு ஸ்டிக்கர் கட்டு.

"பிள்ளை, ரெண்டு மாசம் தவறினா உடன கடையை விட்டு எழும்பச் சொல்லலாம். ஆனா அதுக்கு முதல் ஃபெர்மீட்டர்ஃபாண்ட்ரெஷ்ட்!"

கமலா பயந்துபோய் என்னைப் பார்த்தார். தும்மினாரா, சபித்தாரா என்று எனக்கும் தெரியவில்லை.

"நீர் கடைக்குள்ள கொண்டுவந்து வைச்ச உம்மட சாமானில எனக்கு ஒரு பிடி இருக்கு. வாடகை பாக்கிக்கு அது ஈடு. விளங்குதோ?"

"அதுக்கு ஸ்டிக்கர் எதுக்கு அங்கிள்?"

"சட்டப்படி தேவையில்லை. பாக்க வடிவா இருக்கும்."

மாவு பிசையும் மெஷினை நெருங்கினார். ஸ்டிக்கரை உரித்தார். யோசித்தார். "இது தொழிலுக்குத் தேவை. விலக்கு." தோசைக்கல் மாதிரிப் பெரிய அடுப்புத் தட்டு: விலக்கு. மேசை நாற்காலி: விலக்கு. குளிர்பெட்டி: விலக்கு. உரித்த ஸ்டிக்கர் விரலில் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய பிளாஸ்டிக் மயில் மீது ஒட்டிவிட்டு, பெரிய ஜப்தியை முடித்த திருப்தியோடு வெளியேறினார்.

கமலா சிரிக்கவில்லை. "முடியலண்ணே. மெஷின வித்துட்டு எங்கயாச்சும் வேலைக்குப் போறேன்லா" என்றார். மறுவாரம் விரி என்ற பகுதியிலிருந்து பழைய சமையலறைச் சாமான் வாங்கும் ஒருவர் லாரியோடு வந்தார். மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றியும் ஆயிற்று. வாசலை மறித்துக்கொண்டு ஜெர்மன்.

"ஒண்டும் வெளியில போகாது!"

"மெஷின் விலக்குன்னு நீங்கதானே அங்கிள் சொன்னீங்க?"

"ஓம். தொழிலுக்குத் தேவை எண்டபடியால் விலக்கு. வித்தா அது தொழிலுக்குத் தேவையில்லாத சாமான். உடன என்ர பிடிக்குள்ள வந்திடும். விக்காட்டி நீர் கொண்டு போகத் தேவையில்லை. ஆக மொத்தம், மெஷின் இஞ்சதான்!"

லாரிக்காரரிடம் ஜெர்மன் மொழியிலேயே நீளமாக ஏதோ சொன்னார். அந்த மனிதர் மெஷினை இறக்கி வைத்துவிட்டு, கமலாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

கமலா நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ஜெர்மன் தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை அன்றுதான் பார்த்தேன்.

"ஜெர்மனியில, டோர்ட்முண்டில எனக்கும் ஒரு கடை இருந்தது, பிள்ளை. மரக்கறி, மீன், டெலிபோன் கார்ட். வாடகை பிந்தினது. கட்டடக்காரன் எழும்பச் சொல்லிப்போட்டான். பிறகு எங்கெங்கையோ கைமாத்து வாங்கி முழுக்கக் கட்டினன். வீடெண்டா அப்பிடிக் கட்டித் தப்பலாம். கடைக்கு அந்தச் சலுகை இல்லை எண்டு கோர்ட்டில சொன்னவை. அண்டைக்குத்தான் சட்டம் படிக்கத் தொடங்கினன்."

வெளியே ஒரு இயந்திரம் தார் உடைத்துக்கொண்டிருந்தது. அவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"பொறும். கடைக்கு ஆக்கள் வரேலாம கிடந்தா வாடகை தானாக் குறையும். அதுவும் சட்டம்தான்!"

முதலில் கடைச் சொந்தக்காரரின் வக்கீலாக வாதாடினார். "தெருவைத் தோண்டினது நான் இல்லையே!" எதிர்ப்பக்கம் போய் நின்று கமலாவின் வக்கீலாகக் கத்தினார். "ஆர் தோண்டினாலென்ன? இவ வாடகைக்கு எடுத்தது கடையை, தோண்டின கிடங்கை இல்லை!" சொந்தக்காரரின் வக்கீல் திணறினார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வக்கீல்களும் அதைக் குடித்தார்கள்.

"நான் தோத்திட்டன்" என்றார் கடைசியில், முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு. "தெரு திறக்குமட்டும் அரை வாடகை. மிச்சத்தை ஆறுதலா, கொஞ்சம் கொஞ்சமாத் தாரும்."

வசந்தத்தில் பள்ளத்தை மூடித் தெருவைத் திறந்தார்கள். பள்ளம் தோண்டிய தொழிலாளர்களே முதல் வாடிக்கையாளர்கள். இப்போது சனிக்கிழமைகளில் கமலா கடை வரிசை என் கடை வாசலை மறிக்கிறது.

போன மாதம் கமலா த்ரீ கிங்ஸ் பகுதியில் இரண்டாவது கடைக்கு ஒப்பந்தம் போட்டார். நான் கார் ஓட்டினேன். ஜெர்மன் பின் இருக்கையில். அங்கே ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாக வாசித்து, அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தார்.

பொறுமையிழந்த அந்த வெள்ளைக்காரர் கமலாவிடம் கேட்டார்: "இவர் உங்கள் வக்கீலா?"

"நோ," என்றார் கமலா. "ஃபேமிலி."

திரும்பி வரும் வழியில் ஜெர்மனைக் கண்ணாடியில் பார்த்தேன். கமலா கட்டிக் கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமல், சூடு போய்விடக் கூடாதென்பது போல, இரண்டு கைகளாலும் மூடி மடியில் வைத்திருந்தார்.